பகலிலே குமாஸ்தா, இரவிலே காப்டன்

ஒரு தேசம் அடிமைப்பட்டுக் கிடக்கும்போது அதற்கு நேரும் அவமானங்கள் பல. அவற்றுள் மிகச் சிறியதாகத் தோன்றி மிக ஆழமாகப் புண்படுத்துவது ஒன்று உண்டு. ஆளுகிறவர்களுடைய நாடக மேடையிலே ஆளப்படுகிறவன் எப்போதும் கோமாளியாகவே வருவதுதான் அது. நூறு வருஷத்துக்கு மேலாக லண்டன் நாடக மேடைகளில் அயர்லாந்துக்காரன் என்றால் ஒரே அச்சுத்தான். கையிலே தடி, வாயிலே சுங்கான், வயிற்றிலே சாராயம், நாக்கிலே குழறல். அவன் வந்து நின்றாலே கொட்டகை சிரிக்கும். சிரித்த ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, "இந்த ஜாதிக்குச் சுயராஜ்யம் ஒரு கேடா?" என்று மனத்திற்குள் சொல்லிக்கொண்டே போவார்கள்.

இந்தக் கோமாளியை மேடையிலிருந்து இறக்கியே தீருவது என்று 1897-இல் அயர்லாந்தில் மூன்று பேர் சங்கற்பம் செய்துகொண்டார்கள். கவிஞர் யேட்ஸ் ஒருவர். லேடி கிரிகரி என்னும் மாதரசி ஒருவர். எட்வர்ட் மார்ட்டின் என்னும் நிலச்சுவான்தார் மற்றொருவர். அயர்லாந்து விகடத்துக்கும் மலிவான உருக்கத்துக்கும் பிறந்த பூமி அல்ல, புராதனமான இலட்சியத்தின் வீடு என்பதை உலகத்துக்குக் காட்டப் போவதாக அவர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். அந்தச் சங்கற்பத்தின் பலனாக 1904-ஆம் வருஷம் டிஸம்பர் 27-ஆம் தேதி டப்ளின் நகரில் கதவு திறந்ததுதான் ஆபி நாடகசாலை. நம்முடைய ரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்' என்னும் நாடகம் 1913-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்த மேடையிலேதான் ஆங்கிலத்தில் அரங்கேறியது என்பதை நேயர்கள் மகிழ்ச்சியுடன் நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். கோமாளியை ஒழிக்கப் பிறந்த அந்த நாடகசாலை வளர்த்த நடிகர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஹாலிவுட்டுக்குப் போனார். போனவர், கீழே போட்ட அதே சுங்கானை மறுபடியும் எடுத்து வாயில் வைத்துக் கொண்டுவிட்டார் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அவர் பெயர் பாரி பிட்ஸ்ஜெரால்டு. இந்த வாரம் அவருடைய கதையைச் சொல்ல உத்தேசித்திருக்கிறோம். குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் மெய் என்பதை முடிவில் பார்ப்போம்.

குமாஸ்தா உத்தியோகம்

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் ஜோஸப் ஷீல்ட்ஸ். 1888-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ஆம் தேதி டப்ளினில் பிறந்தார். தகப்பனார் தொழிலாளர் சங்கங்களுக்காகப் பாடுபட்டவர். தாயார் ஜெர்மன் தேசத்துப் பெண்மணி. குடும்பம் பிராடெஸ்டெண்டு குடும்பம். கத்தோலிக்கர்கள் நிறைந்த அயர்லாந்திலே இது கவனிக்க வேண்டிய விஷயம். ஏனென்றால் உலகம் இவரை எந்த வேஷத்தில் கொண்டாடியதோ, அது ஒரு கிழக் கத்தோலிக்கப் பாதிரியாரின் வேஷம்.

படிப்பு முடிந்ததும், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதையே வில்லியமும் செய்தார். 1911-இல் டப்ளினிலிருந்த பிரிட்டிஷ் வர்த்தக போர்டில் சர்க்கார் குமாஸ்தாவாக அமர்ந்தார். பிற்பாடு வேலையில்லாதோரைக் கவனிக்கும் காரியாலயத்துக்கு மாற்றலானார். வேலை சுலபம், ஓய்வு ஏராளம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த ஓய்வுதான் வினையாக முடிந்தது. தம்பி ஆர்தர் 1914-இல் ஆபியில் சேர்ந்து நடித்துக் கொண்டிருந்தார். அண்ணாவும் மாலை வேளைகளில் அங்கே தலைகாட்டத் தொடங்கினார். சர்க்கார் ஊழியன் மேடையேறுகிறான் என்று மேலதிகாரிகள் முகம் சுளிக்கக் கூடாதல்லவா? அதற்காகவே வில்லியம் ஷீல்ட்ஸ், மேடையில் மட்டும் பாரி பிட்ஸ்ஜெரால்டு ஆனார்.

அவருக்குக் கிடைத்த முதல் பேச்சு வேஷத்தைப் பற்றி ஒரு கதை சொல்வதுண்டு. ஷெரிடன் என்பவர் எழுதிய பழைய ஹாஸ்ய நாடகம் ஒன்றிலே அவருக்கு மொத்தம் நான்கே வார்த்தைகள். நாட்கணக்கில் அவற்றை உருப்போட்டார். மேடைக்கு வந்தார். வாயைத் திறந்ததும் இரண்டு வார்த்தைகளின் முதலெழுத்துக்கள் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொண்டு வெளியே வந்து விழுந்தன. கொட்டகை கொல்லென்று சிரித்தது. வேறொருவராயிருந்தால் அன்றோடு அரிதாரத்தைக் கழுவியிருப்பார். இவரோ, 'ஜனங்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆகவே இதுதான் நம் வழி' என்று கண்டுகொண்டார்.

துப்பாக்கி எடுத்த தம்பி

1916-ஆம் வருஷம் ஈஸ்டர் பண்டிகைத் திங்கட்கிழமையன்று டப்ளினில் புரட்சி வெடித்தது. அன்று ஆபியில் நடப்பதாக இருந்த நாடகம் நின்றுபோயிற்று. ஆபி நடிகரான ஷான் கொனலி, புரட்சிக்காரர்களின் தரப்பில் முதல் நாளே குண்டு பட்டு உயிர் நீத்தார். இளைஞர் ஆர்தர் ஷீல்ட்ஸ், ஆபி நாடகசாலையிலேயே ஒளித்து வைத்திருந்த தம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்வில் வீதிப் பகுதியில் போரிட்டார் என்பார்கள். ஆறு நாட்களில் புரட்சி அடக்கப்பட்டது. ஆர்தர் மற்றக் கைதிகளுடன் வேல்ஸ் தேசத்தில் பிராங்காக் என்னும் பாசறையில் சிறை வைக்கப்பட்டார். விடுதலையானதும் மறுபடியும் மேடைக்கே வந்து சேர்ந்தார்.

ஒரே வீட்டிலே இரண்டு பிள்ளைகள். மூத்தவர் பிரிட்டிஷ் சர்க்காரின் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுகிறார். இளையவர் அதே சர்க்காரின் சிப்பாய்களைக் குறி பார்க்கிறார். சுதந்தரப் போராட்டம் நடந்த எந்த நாட்டிலும் இத்தகைய வீடுகள் இருந்திருக்கின்றன. ஷீல்ட்ஸ் சகோதரர்களோ கடைசி வரையில் ஒரே மேடையிலும் ஒரே திரையிலும் சேர்ந்தே நடித்தார்கள்.

காப்டன் பாயில்

1919-இல் லேடி கிரிகரி எழுதிய 'டிராகன்' என்ற நாடகத்தில் பிட்ஸ்ஜெரால்டு பெயரெடுத்தார். ஆனால் அவருடைய நல்ல காலம் ஷான் ஓ'கேஸி என்னும் மனிதரின் உருவத்தில்தான் வந்தது. ஓ'கேஸி டப்ளின் சேரியில் வளர்ந்து மண்வெட்டி பிடித்த கூலித் தொழிலாளி. இரவிலே நாடகம் எழுதினார். பகலில் கூலி, இரவில் ஆசிரியர் என்று அவர் ஒருபுறம். பகலில் குமாஸ்தா, இரவில் நடிகர் என்று இவர் ஒருபுறம். இருவரும் சந்தித்தபோது ஆபியின் பொற்காலம் பிறந்தது.

1924-ஆம் வருஷம் மார்ச்சு 3-ஆம் தேதி ஓ'கேஸியின் 'ஜூனோவும் மயிலும்' அரங்கேறியது. அதிலே பிட்ஸ்ஜெரால்டுக்குக் காப்டன் பாயில் வேஷம். 'காப்டன்' என்பது அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். நிலக்கரிப் படகில் எப்போதோ லிவர்ப்பூல் வரையில் போய்வந்ததுதான் அவன் கண்ட சமுத்திரம். யாராவது வேலை இருக்கிறது என்று சொன்னால் போதும். உடனே முழங்காலில் வலி கண்டுவிடும். மனைவி ஜூனோ உழைத்துப் போடுவாள். கணவன் தோழனுடன் சாராயக் கடையில் மயில் போல் நெஞ்சை நிமிர்த்தி உலாவுவான். வேலையில்லாதோர் காரியாலயத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு இந்த ஆசாமியைத் தெரிந்துகொள்வது கஷ்டமாக இருந்திராது.

கொட்டகை இரண்டு அங்கங்களுக்கு வயிறு குலுங்கச் சிரித்தது. மூன்றாவது அங்கத்திலே வருவதாக இருந்த சொத்து வராமற் போகிறது. மகள் வஞ்சிக்கப்படுகிறாள். உள்நாட்டுக் கலகத்தில் சிக்கிய மகனை அவனுடைய பழைய தோழர்களே இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டுவிடுகிறார்கள். ஜூனோ மகளை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். சாமான்கள் எல்லாம் போய் வெறிச்சென்று கிடக்கும் அறைக்குள் குடிபோதையில் தள்ளாடிக்கொண்டு காப்டன் வருகிறான். மகன் செத்தது அவனுக்குத் தெரியாது. பழையபடியே ஜம்பம் பேசுகிறான். பேச்சு அதேதான், விகடமும் அதேதான். ஆனால் சபையோருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. சிரித்த வாய் அப்படியே நின்றுவிடுகிறது.

இங்கேதான் லண்டன் கோமாளிக்கும் காப்டன் பாயிலுக்கும் உள்ள வித்தியாசம் விளங்குகிறது. அந்தக் கோமாளியைப் பார்த்துச் சிரித்தவன் மேலே இருந்து சிரித்தான். காப்டன் பாயிலைப் பார்த்துச் சிரித்த டப்ளின்வாசியோ, தன் அண்டை வீட்டானையும் மாமனையும், சில சமயம் தன்னையுமே பார்த்துச் சிரித்தான். ஆபியில் ஒரு நாடகத்தை ஒரு வாரத்துக்கு மேல் நடத்தும் வழக்கம் இல்லை. இதை இரண்டாவது வாரமும் நடத்தும்படி ஆயிற்று.

மேடையிலே குத்துச் சண்டை

ஆனால் எல்லாச் சிரிப்பையும் ஒரு தேசம் பொறுத்துக்கொள்வதில்லை. 1926-ஆம் வருஷம் பிப்ரவரி 8-ஆம் தேதி ஓ'கேஸியின் 'கலப்பையும் நட்சத்திரங்களும்' அரங்கேறியது. 1916-ஆம் வருஷத்துப் புரட்சிதான் கதை. ஆனால் கதாநாயகர்கள் வீரர்களல்ல; சேரி ஜனங்கள். சாராயக் கடைக்குள்ளே புரட்சிக் கொடி வருகிறது. அதே கடையில் ஒரு விலைமாது நிற்கிறாள். ஜன்னலுக்கு வெளியே தலைவர் ஒருவர் ரத்தத்தின் மகிமையைப் பற்றிப் பேசுகிறார். உள்ளே குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுகிறார்கள்.

பிப்ரவரி 11-ஆம் தேதி வியாழக்கிழமையன்று கொட்டகையில் கலவரம் மூண்டது. எதிர்த்தவர்கள் வெறும் போக்கிரிகளாயிருந்தால் இந்தக் கதையில் ரஸமில்லை. அங்கே எழுந்து நின்றவர்களில் 1916-இல் உயிர் நீத்தவர்களின் தாய்மார்களும் மனைவிமார்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹன்னா ஷீஹி ஸ்கெபிங்டன். அவருடைய கணவர் துப்பாக்கியைத் தொடாத சாந்தவாதி. புரட்சி வாரத்தில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி விசாரணையே இல்லாமல் அவரைச் சுட்டுக் கொல்வித்தான். அப்படிப்பட்ட மாதரசி எழுந்து, 'எங்கள் பலியைச் சாராயக் கடையில் வைத்துப் பரிகசிக்கிறீர்களே' என்னும் கருத்துப்படக் கேட்டால், பதில் சொல்வது எளிதா?

சிலர் மேடை மேலேயே ஏறிவிட்டார்கள். நடிகைகளைத் தாக்க முயன்றார்கள். அப்போது பிளதர் என்னும் தச்சனின் வேஷத்திலிருந்த பிட்ஸ்ஜெரால்டு ஒருவனோடு நேருக்கு நேர் குத்துச் சண்டை போட்டு அவனை வீழ்த்தினார். சாந்தமே உருவான சர்க்கார் குமாஸ்தா அடித்த அந்தக் குத்து டப்ளினில் வெகு நாள் பேசப்பட்டது. கவிஞர் யேட்ஸ் மேடைக்கு வந்து, நீங்கள் மறுபடியும் உங்களுக்கே இழுக்குத் தேடிக்கொண்டீர்கள் என்று சபையோரைச் சாடினார். இந்தக் கூச்சலில் ஒரு வார்த்தையும் காதில் விழாது என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் பேசப்போகும் பேச்சின் பிரதியை முன்கூட்டியே பத்திரிகைக் காரியாலயத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்! போலீஸ் பாதுகாப்புடன் நாடகம் நடந்தது.

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். அந்த நாடகத்தில் புரட்சிச் சேனையின் லெப்டினெண்டாக நடித்தவர் ஆர்தர் ஷீல்ட்ஸ். உண்மையாகவே துப்பாக்கி ஏந்திச் சிறை சென்றவர் மேடையில் நிற்கிறார். புரட்சிக்காரர்களை இழிவுபடுத்தும் நாடகம் என்று கீழே கூச்சல். தியாகம் செய்தவர் எந்தப் பக்கத்தில் இருந்தார்? இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள் என்பதுதான் உண்மை. நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தத் தாய்மாருடைய துக்கம் நியாயமானது. நாடகத்தை நிறுத்தாமல் நடத்தியதும் நியாயமானது. பிட்ஸ்ஜெரால்டு நடித்த பிளதர் குடிகாரன், வாயாடி, சண்டைக்காரன். ஆயினும் குண்டுகள் பறக்கும் வீதியிலே போய் அண்டை வீட்டுப் பெண்ணைத் தேடி அழைத்து வருகிறவன் அவன்தான். ஓர் ஏழைச் சிறுமி க்ஷயரோகத்தில் இறந்தபோது அவளை அடக்கம் செய்ய ஏற்பாடு பண்ணுகிறவனும் அவன்தான். வீரன் என்று யாரும் அவனுக்குச் சிலை வைக்கப் போவதில்லை. அவனையும் தேசத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நாடகத்தின் விண்ணப்பம்.

நாற்பத்தொன்றில் ராஜிநாமா

ஓ'கேஸி இங்கிலாந்துக்குக் குடிபோனார். அவர் அடுத்து எழுதிய 'வெள்ளிக் கிண்ணம்' என்ற நாடகத்தை 1928-இல் ஆபி வேண்டாமென்று திருப்பிவிட்டது. 1929-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் லண்டனில் அது அரங்கேறியபோது பிட்ஸ்ஜெரால்டு ஒரு காரியம் செய்தார். பதினெட்டு வருஷ சர்க்கார் உத்தியோகத்தை ராஜிநாமா செய்துவிட்டு லண்டனுக்குப் போய் அதில் நடித்தார். அப்போது அவருக்கு வயது 41. மாதச் சம்பளத்தின் அருமை தெரிந்த நம் போன்றவர்களுக்கு, மேடையில் விட்ட குத்தைக் காட்டிலும் இதுவே பெரிய தைரியமாகத் தோன்றுகிறது.

1930-இல் ஹிட்ச்காக் 'ஜூனோவும் மயிலும்' நாடகத்தைப் பேசும் படமாக எடுத்தார். காப்டன் பாயில் வேஷத்துக்கென்றே பிறந்த மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். ஆனால் அந்த வேஷம் வேறொருவருக்குப் போயிற்று. பிட்ஸ்ஜெரால்டுக்குக் கிடைத்ததோ தெருவிலே பிரசங்கம் செய்யும் ஒரு சின்ன வேஷம்.

1936-இல் டைரக்டர் ஜான் போர்டு 'கலப்பையும் நட்சத்திரங்களும்' நாடகத்தைப் படமாக்குவதற்காக ஆபி நடிகர்கள் சிலரை ஹாலிவுட்டுக்கு வரவழைத்தார். பிட்ஸ்ஜெரால்டு பழையபடி பிளதர். ஆர்தருக்கு எந்த வேஷம் என்று நினைக்கிறீர்கள்? புரட்சித் தலைவர் பாட்ரிக் பியர்ஸின் வேஷம்! யாருடைய தலைமையில் இருபது வருஷங்களுக்கு முன் போரிட்டாரோ, அவராகவே திரையில் தோன்றினார். இப்படி ஒரு பாக்கியம் எந்தத் தொண்டருக்குக் கிடைத்திருக்கிறது?

தலை போன பரிசு

அதன் பிறகு பிட்ஸ்ஜெரால்டு ஹாலிவுட்டிலேயே தங்கிவிட்டார். 'எங்கள் பள்ளத்தாக்கு எவ்வளவு பசுமை' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட 1941-ஆம் வருஷப் படம் முதலியவற்றில் சிறுசிறு வேஷங்களில் வந்து போனார். 1944-இல் வெளிவந்த 'கோயிங் மை வே' என்னும் படம் அவரைச் சிகரத்தில் ஏற்றியது. அதிலே அவர் கடன்பட்ட ஒரு மாதா கோயிலின் கிழப் பாதிரியார் பிட்ஸ்கிப்பன். பிங் கிராஸ்பி என்ற பிரபல பாடகர், அவருக்கு உதவியாக வரும் இளம் பாதிரியார். கிழவருக்கு முணுமுணுப்பு, பிடிவாதம், குழந்தைத்தனம் எல்லாம் உண்டு. கடைசியில் நாற்பத்தைந்து வருஷமாகக் காணாத தாயாரை அயர்லாந்திலிருந்து வரவழைத்து அவர் முன் நிறுத்துகிறார்கள். அந்தக் காட்சியில் அவர் பேசுவதே இல்லை. தளர்ந்த நடையோடு போய்த் தாயின் தோளில் சாய்கிறார், அவ்வளவுதான்.

ஆஸ்கார் பரிசுக் கமிட்டியார் இந்த ஒரே வேஷத்துக்காக அவரைப் பிரதான நடிகர் பரிசுக்கும் உப நடிகர் பரிசுக்கும் ஏககாலத்தில் பிரேரேபித்தார்கள். 1945-இல் உப நடிகர் பரிசு அவருக்கும் பிரதான நடிகர் பரிசு கிராஸ்பிக்கும் கிடைத்தன. இந்தக் குழப்பத்தைக் கண்டு, இனி ஒரே வேஷத்துக்கு இரண்டு பிரேரணை கூடாது என்று விதியை மாற்றினார்கள். யுத்த காலத்தில் உலோகப் பஞ்சமாதலால் பரிசுச் சிலையைச் சுண்ணச் சாந்தில் வார்த்துக் கொடுத்திருந்தார்கள். பிட்ஸ்ஜெரால்டு வீட்டுக்குள் கால்ப் பந்தடித்துப் பழகும்போது தடி பட்டுச் சிலையின் தலை போய்விட்டது. பிறகு வேறு சிலை கொடுத்தார்கள்.

அந்த வருஷம் அவருக்கு முழுதும் இன்பமாக இருக்கவில்லை. 1944-இல் அவர் ஓட்டிய மோட்டாரில் அடிபட்டு ஒரு பெண்மணி இறந்துபோனார். கொலைக் குற்றமல்லாத மரணம் விளைவித்ததாக வழக்கு நடந்து, 1945 ஜனவரியில் விடுதலையானார். புகழும் துன்பமும் ஒரே வண்டியில் வருவது உலகத்தில் புதிதல்ல.

1948-இல் நியூயார்க் வீதிகளிலேயே எடுத்த 'நேகட் சிட்டி' என்னும் படத்தில் போலீஸ் துப்பறிபவராக நடித்தார். 1952-இல் வெளியான ஜான் போர்டின் 'கொயட் மான்' படத்தில் குதிரை வண்டியோட்டும் கல்யாணத் தரகர் மைக்கலீன் ஆனார். அந்தப் படத்தில் பிராடெஸ்டெண்டுப் பாதிரியாராக வருகிறவர் தம்பி ஆர்தர். படப்பிடிப்புக்காக 1951-இல் இருவரும் அயர்லாந்து சென்றிருந்த அதே கோடையில், ஜூலை 18-ஆம் தேதி விடியுமுன் ஆபி நாடகசாலை தீப்பற்றி எரிந்தது. முந்திய இரவு அங்கே நடந்த நாடகம் எது தெரியுமா? டப்ளின் பற்றி எரிவதோடு முடிகிற 'கலப்பையும் நட்சத்திரங்களும்'தான். நடிகர்கள் கலங்கவில்லை. மறுநாள் இரவே பக்கத்திலிருந்த சின்ன அரங்கில் அதே நாடகத்தை நடத்தினார்கள். புதிய ஆபி எழும்ப 1966 வரையில் ஆயிற்று.

பிட்ஸ்ஜெரால்டு அதைப் பார்க்கவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாத அவர், 1959-இல் டப்ளினுக்குத் திரும்பி, 1961-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் காலமானார்.

தீர்ப்பு

இனிக் குற்றச்சாட்டுக்கு வருவோம். 'கொயட் மான்' படத்துத் தரகர் மைக்கலீனைப் பாருங்கள். சுங்கான் இருக்கிறது, சாராயம் இருக்கிறது, குறும்பும் குழறலும் இருக்கின்றன. 1897-இல் யேட்ஸ் எந்தக் கோமாளியை விரட்டினாரோ அவனுடைய சாயல் நன்றாகத் தெரிகிறது. காப்டன் பாயிலிடம் மூன்றாவது அங்கத்தில் நம்மைத் திடுக்கிட வைத்த அந்த இருட்டு இவனிடம் இல்லை. ஆகவே குற்றச்சாட்டில் பாதி மெய்தான் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம்.

மற்றப் பாதிக்கு ஒரு சமாதானம் உண்டு. 1949-இல் அயர்லாந்து பூரணக் குடியரசாகிவிட்டது. அடிமைப்பட்ட தேசத்தானை மேடையில் கோமாளியாக்குவது அவமானம். சுதந்தரம் பெற்ற தேசத்தானோ தன்னைத் தானே கோமாளியாக்கிக் கொள்ளலாம். அதனால் அவன் உரிமை பறிபோகாது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் சக்தி வந்துவிட்டதென்றால் அந்தத் தேசத்துக்கு முதுகெலும்பு நேராகிவிட்டது என்று அர்த்தம். வசை பாடியவர்களுக்கு நடுவே நின்று அந்தச் சிரிப்பைத் தம் தேசத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் பிட்ஸ்ஜெரால்டு ஒருவர்.

நமக்குள்ள குறை வேறு. கிழப் பாதிரியாரும் கல்யாணத் தரகரும் படச்சுருளில் இருக்கிறார்கள். பேரப் பிள்ளைகளும் பார்க்கலாம். ஆனால் 1924-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்து இரவுகளில், காரியாலயத்துக் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஓட்டமாக ஓடிவந்து, காலி அறைக்குள் தள்ளாடி நுழைந்தானே ஒரு காப்டன், அவன் எந்தச் சுருளிலும் இல்லை. அவனைக் கண்டு சிரித்துப் பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்ட அந்தச் சில நூறு டப்ளின்வாசிகளே பாக்கியசாலிகள்.